ஒரு நாள் நின்ற நியான்

ஆயுத பூஜையன்று காலை பதினொரு மணிக்கு ஸ்ரீவித்யா கண்ணாடிக் குடுவையில் புது நியான் வாயுவை நிரப்பி வால்வை மூடினாள். அளவெடுக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குள் உத்தமன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"மேடம், கைய எடுங்க. பூஜைக்கு டைமாச்சு."

"ஒரே ஒரு ரீடிங், உத்தமன்."

"பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும். வருஷம் பூரா வெரட்டுறீங்க, ஒரு நாள் மூச்சு வுடட்டுமே."

"பம்பை மட்டும் நிறுத்திடாதீங்க. குடுவைல பொட்டு வைக்காதீங்க."

"பம்பு ஓடட்டும். அது சாமி மாதிரி, தூங்காது. பொட்டும் அதுக்குத்தான்."

இருபது வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் உத்தமன். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. பூஜை முடிந்ததும் அவள் பொரிப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். வராந்தாவில் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பைத் தாண்டி நடந்தாள். நாளை மாலை நான்கு மணிக்குக் கூட்டம்.

வாயுவில் மின்சாரம் பாய்ந்தால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்துபோகிறது, எஞ்சுவது அயனி. மின்சாரத்தை நிறுத்தியதும் எலக்ட்ரானும் அயனியும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. மூன்று நாடுகளில் மூன்று ஆய்வுக்கூடங்கள் அளந்து ஒரே அட்டவணையில் வெளியிடுவதாக ஏற்பாடு; அதை முடிவுசெய்யத்தான் நாளைய கூட்டம். மற்ற இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின. ஸ்ரீவித்யாவின் எண் அதில் பாதி.

"ரெண்டு பேர் ஒண்ணா சொல்றா, நீ மட்டும் வேற சொல்றே," என்றிருந்தார் துறைத்தலைவர் சுந்தரேசன். "காரணம் தெரியலைன்னா நம்ம வரியை எடுத்துடலாம்மா. தப்பா நினைக்காதே, நீ எப்பவுமே கொஞ்சம் அவசரக்குடுக்கை."

புதிய சொல் இல்லை. ஒரு கையால் தலை பின்னிக்கொண்டு மறு கையால் சாப்பிடும் பெண்ணை அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வாயுவை நிரப்பிய சூட்டோடு அளந்து முடிப்பவள் அவள். சுந்தரேசன் சொன்னது வலிக்கவில்லை. அவர் சொன்னபோது தனக்குள் ஒருத்தி ஆமாம் என்று தலையாட்டியதுதான் வலித்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் அளந்தாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்துக் கை நின்றது. பாதி இல்லை, முழுசு. மற்ற இருவரும் சொன்ன அதே எண்.

அப்பாடா என்றிருந்தது. தோற்றாலும் இனித் தனியாக நிற்க வேண்டாம். அந்த நிம்மதியை அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. ஆறு மாதம் நூறு முறை அளந்த கை, ஒரே காலையில் எப்படிப் பொய்யாகும்? அதே குடுவை, அதே கருவி. எதுதான் மாறியது?

வாயு. நேற்று நிரப்பியது. இருபத்துமூன்று மணி நேரம் மூடிய குடுவையில் சும்மா நின்ற வாயு.

கண்ணாடிச் சுவர் தன்னுள் பிடித்துவைத்திருந்த ஈரத்தையும் காற்றையும் துளித்துளியாகக் கசியவிட்டிருக்கும். அந்தக் கலப்படத்திலிருந்து பிறக்கும் அயனிகள் எலக்ட்ரானை இன்னும் சீக்கிரமாகப் பிடித்துவிடும். அப்படியானால் அந்தப் பெரிய எண் நியானுடையதே அல்ல, கலப்படத்துடையது.

"உத்தமன்! குடுவையை காலி பண்ணுங்க!"

"இப்பதானே மேடம் பூஜை முடிஞ்சுது, அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்!"

பன்னிரண்டரைக்குப் புது நியான். பத்தாவது நிமிடம் அளந்தாள்: அவளுடைய பழைய எண். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். ஒன்றரைக்கு எண் சற்று ஏறியிருந்தது. மூன்றுக்கு இன்னும். நிற்க நிற்க ஏறியது.

நான்கு மணிக்குத் திரையில் இரண்டு வெளிநாட்டு முகங்கள் தெரிந்தன. சுந்தரேசன் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கப் போனார். ஸ்ரீவித்யா முந்திக்கொண்டாள். வாயுவை நிரப்பி எவ்வளவு நேரம் கழித்து அளக்கிறீர்கள் என்று கேட்டாள்.

முந்தின நாள் மாலையே நிரப்பிவிடுவோம், அழுத்தம் நிலைப்பட வேண்டுமல்லவா என்றார் முதலாமவர். நாங்களும் அவர்கள் முறைதான் என்றாள் அடுத்தவள்.

ஸ்ரீவித்யா நான்கு புள்ளிகள் வைத்த வரைபடத்தைத் திரையில் போட்டாள். பத்து நிமிடம், ஒரு மணி, இரண்டரை மணி, இருபத்துமூன்று மணி. அவர்களுடைய எண், கடைசிப் புள்ளியின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

மறுமுனையில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள், புதிதாக அளந்துவிட்டு வருகிறோம் என்றாள். அட்டவணையில் ஒரே வரி மிஞ்சியது.

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நேத்து உத்தமன் என்னை அளக்க விடல சார். இல்லைன்னா வழக்கம்போல அவசரமா முடிச்சிருப்பேன்."

"அப்ப பேப்பர்ல நம்ம பேரையும் போடுங்க மேடம்," என்றார் வாசலில் நின்ற உத்தமன்.

"கண்டிப்பா போடறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டுரையின் கோப்பைத் திறந்து, அப்போதே எழுத ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் பண்ணலாமே," என்றார் சுந்தரேசன்.

"ஊஹூம். அவசரக்குடுக்கை சார் நான்," என்றாள் ஸ்ரீவித்யா. இந்த முறை உள்ளே இருந்தவளும் தலையாட்டினாள், சிரித்துக்கொண்டே.