கல்மலைக்கு எந்தப் பக்கம்

பாலைவனத்தில் தமன்ராசெத் நகரத்துக்கு வழக்கமாகப் போகும் தடத்தை அடைத்துவிட்டார்கள். நாளை ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள் மூன்று வண்டிகளோடு எங்கள் ஊர் ஜானெத்துக்கு வந்து சேருகிறார்கள். முன்வண்டியில் போய் வழிகாட்ட வேண்டியவன் நான். வேறு வழி சொல்லாவிட்டால் வேலையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஏஜென்சிக்காரர் கதூர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் எனக்கு வாய்த்த ஒரே பயணம் இது.

வேறு வழி என்றால் தெற்கே பழைய ஒட்டகத் தடம். அதில் வற்றாத கிணறு ஒன்றே ஒன்று; அதைத் தவறவிட்டால் சாவுதான். சின்ன வயதில் அங்கே ஆடு மேய்த்தவர் என் மாமியார். ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது? எங்கள் துவாரெக் இன வழக்கத்தில் மருமகன் மாமியார் முன்னால் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எங்கள் ஆண்கள் கட்டும் முகத்துணிக்குள் இருக்கும் என் மூக்கைக்கூட அவர் பார்த்ததில்லை.

அதனால் நான் முற்றத்து மணலில் கோடு போட, அவர் குடிலுக்குள் இருக்க, என் மனைவி தாசின் நடுவில் நடந்தாள்.

"கறுப்புக் கல்மலை வருமாம். கிணத்துக்கு அதோட இடப்பக்கமாப் போகணுமாம்."

"எவ்வளவு தூரம்னு கேளு."

போனாள், வந்தாள். "வலப்பக்கமாம்."

"இப்பதானே இடம்னே?"

"நானா சொன்னேன்? அம்மா சொன்னாங்க. இரு, மறுபடி கேக்கறேன்."

மறுபடி இடம். அப்புறம் அது மலையே இல்லை, மணல்மேடாம். எனக்குத் தலை சுற்றியது.

"உங்கம்மா என்ன, விளையாடறாங்களா? என் பொழப்பே போயிடும்டி!" குடிலுக்குள் கேட்டிருக்கும். கேட்கட்டும்!

"கத்தாதே. நடந்து நடந்து எனக்குக் காலே போச்சு. தைரியம் இருந்தா நீயே போய்க் கேளேன் பாப்போம்!" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் தேநீர் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினாள்.

போன் அடித்தது. கதூர்தான். "என்னப்பா அமூத், வழி கெடச்சுதா?"

"கெடச்சாச்சுண்ணே. கல்மலைக்கு இடப்பக்கம்." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் என்று போனால் தெரிந்துவிட்டுப் போகிறது.

மாமியார் வெளியே வந்தார். நேராக என்னிடமே வந்தார். பதறிப்போய்த் துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"அமூத்."

என் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை.

"தாசினோட அப்பாவுக்கும் நான்தான் வழி சொன்னேன். போன மனுஷன் திரும்பல. அன்னைக்கு நான் சொன்னது இடமா, வலமான்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியலப்பா. அவகிட்ட இதை நான் சொன்னதில்ல."

பதில் சொல்லலாமா, கூடாதா? எழுந்து நிற்பதா, ஓடுவதா? ஒன்றுமே புரியவில்லை. போன் இன்னும் காதோடுதான் இருந்தது.

"என்னப்பா சத்தத்தையே காணோம்? இடப்பக்கம்தானே? நிச்சயமா?"

"தெரியலண்ணே. வேற ஆளைப் பாருங்க." போனை அணைத்தேன்.

மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். எதிரே தாசின் தேநீர்த் தட்டோடு வந்தாள்.

"என்ன, கடைசியா எந்தப் பக்கம்னு முடிவாச்சு?"

மாமியார் குடிலுக்குள் போக, நான் மணலில் போட்ட கோடுகளைக் காலால் அழித்தேன்.