ஷ்லீரன் விஜிதரனின் கூடை

சுவிஸில் ஷ்லீரன் நகரில் பொதி கட்டும் வேலை செய்கிற விஜிதரனின் தலையில் சென்ற பெப்ரவரியில் ஒரு நாணல் கூடை முளைத்தது. கழுத்துவரை இறங்கி முகத்தை முழுதாக மூடிவிட்டது. வெட்டப் போன கத்தரிக்கோல்தான் மழுங்கியது. வைத்தியர் ஒவ்வாமை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். முகம் மூடத் தடை இருக்கிறதே என்று ரயில் நிலையத்தில் மறித்த பொலிஸ்காரர், கூடையை இழுத்து இழுத்துக் களைத்துப் போய்விட்டார். அடுத்த கிழமையே சனம் பழகிக்கொண்டது. பழகாதவர்கள் வீட்டில் இருந்த இரண்டு பேர்தான்: மனைவி சிவகலாவும், வைகாசியில் கலியாணம் வைத்திருந்த மகள் தக்ஷிகாவும்.

எல்லாம் அந்த ஜப்பான் குழலால் வந்த வினை. இடுப்பைப் பிடித்த நாரி நோவுக்கு மூச்சுப் பயிற்சி நல்லது என்று யாரோ சொல்ல, விஜிதரன் மாலை வகுப்பில் ஷாகுஹாச்சி பழகப் போனார். படிப்பித்த சுவிஸ் பெண்மணி லேசில் ஊதவிடவில்லை; முதலில் பெயர்களும் சரித்திரமுமாம். ஜப்பான் கணக்கில் ‘ஓரடி எட்டு’ என்கிற நீளமே இந்த மூங்கில் குழலுக்குப் பெயர். முன்னால் நாலு துளை, பின்னால் ஒன்று. எல்லாவற்றையும் மூடி ஊதினால் வருகிற ஆழ்ந்த சுரம் ‘ரோ’. சுரங்களுக்கு நடுவே விடுகிற மௌனம் ‘மா’. தன் ஊர்க்கதை எதற்கும் வாய் திறக்காத மனிதர், இதை மட்டும் சோறு தின்னும்போதும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பிறகு கொமுசோ என்கிற கூடைத் துறவிகளின் பாடம் வந்தது. போரில் தோற்று, தலைவனை இழந்த வீரர்கள் பலர், யார் எவர் என்று ஒருவரும் கேட்காதபடி தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, இந்தக் குழலை ஊதியபடி தெருத் தெருவாக அலைந்தார்களாம். “ஓம், அது நல்ல வசதிதான்” என்றார் விஜிதரன். அன்று வீட்டுக்குக் கூடையோடுதான் வந்தார்.

தக்ஷிகா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், விட்டுக்கொடுக்கிற பிள்ளை இல்லை. “அப்பான்ர முகத்தைப் பாக்காமல் நான் தாலி கட்ட விடமாட்டன்” என்று சொல்லிவிட்டாள். சிவகலா கெஞ்சினாள், ஏசினாள், அழுதாள். கூடைக்குள்ளிருந்து நீண்ட ‘மா’ ஒன்றுதான் பதிலாக வந்தது.

கலியாணத்தன்று, தாரைவார்க்க ஐயர் செம்போடு காத்திருக்கையில், தக்ஷிகா கூறைச் சேலையோடு தகப்பனின் முன்னால் குந்தி, கூடையின் அடியால் தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, உள்ளுக்க ரெண்டு பேர் இருக்கினம். மற்றவருக்கு என்ர வயசுதான் இருக்கும். மூக்கு அப்பான்ரயேதான்.”

கூடை முதன்முறையாகக் கதைத்தது. “அது கஜீவன். என்ர தம்பி. உன்ர சித்தப்பா.”

கணவனுக்கு ஒரு தம்பி இருந்ததே சிவகலாவுக்குத் தெரியாது. இயக்கத்தில் இருந்த தம்பியைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, அகதி விசாரணையில் கூடப்பிறந்தவர் எவருமில்லை என்றவர், அந்தப் பொய்யை வீட்டிலும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடைசிச் சண்டையில் தம்பி செத்த செய்தி வந்த அன்றும் வேலைக்குத்தான் போனார். இல்லாத தம்பிக்கு எப்படி அழுவது? பாவம், அந்த மனுசன்.

“எனக்குக்கூடச் சொல்லேல்லையே, இவ்வளவு காலமும்” என்றாள் சிவகலா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவுக்கும் ஒரு மாலை எடுத்துவரச் சொன்னாள். தக்ஷிகா மணவறையில் போய் இருந்தாள்.

கூடை இன்னும் கழலவில்லை. காலையில் சிவகலா அதன் அடியால் இரண்டு தேநீர் நீட்டுகிறாள், ஒன்று சீனி போட்டது, மற்றது சீனி இல்லாதது. இரண்டு கோப்பையும் வெறுமையாகத் திரும்பி வருகின்றன.