பித்தளைப் பெயர்கள்

விடிகாலை ஐந்து மணிக்குப் போடிமெட்டு மேகம் விடுதியின் சலவை அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணியோடு அதையும் இரண்டு முறை பிழிந்து காயப்போட்டதாகப் பொற்கொடி சொல்வாள்; அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை. அறுபது விரிப்பு, நூற்றிருபது தலையணை உறை, கொதிக்கும் அண்டா, விரலிடுக்கில் சோடாவின் எரிச்சல். நாலு பேர் சோலியை அவளும் கற்பகமும் செய்தார்கள். மற்ற இருவர் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் மலையிறங்கிப் போனவர்கள், திரும்பி மேலே வரவில்லை.

அந்த விடுதியில் ஆள் நிற்பதில்லை. ஆள் மாறும்போதெல்லாம் பித்தளையில் புதுப் பெயர் வெட்டுவது முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. திறப்புவிழாவுக்கு அடித்த பெயர் வில்லைகளே இன்றும் ஓடின. ஒருவர் போனால் கழற்றி அடுத்தவர் சட்டையில் குத்திவிடுவார். பொற்கொடி ஒன்பதாவது சுசித்ரா. ஐம்பத்தேழு வயது லிங்கேஸ்வரன் பதினான்காவது ராம்பிரசாத். வருகைப் பதிவேட்டிலும் அதே பெயர்கள்தாம். அதன்படி பார்த்தால் ஆளே மாறாத விடுதி. அதற்கென்று ஒரு கேடயம்கூடச் சுவரில் தொங்கியது.

அண்டாவைச் சாய்க்க இரண்டு பேர் வேண்டும். அன்று பொற்கொடியை எட்டாம் அறை துடைக்க விரட்டியிருந்தார் முதலாளி. முந்தின நாளும் இரட்டை வேலை பார்த்திருந்த கற்பகம் ஒற்றை ஆளாகச் சாய்த்தாள். கொதிநீர் தோளிலிருந்து விரல்வரை இறங்கியது. ஜீப்பில் அவளைக் கீழே கொண்டுபோனபோது பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அவள் கத்தியது மேலே கேட்டது. ஜீப்பு போடி ஆஸ்பத்திரியைத் தொடுமுன், அவளது 'பவதாரணி' வில்லை, ராசிங்காபுரத்திலிருந்து அன்று காலைதான் வேலை கேட்டு வந்திருந்த முத்துப்பிரியாவின் சேலையில் இருந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் முதலாளியின் மேசைமுன் நின்றார்கள்.

"கற்பகத்துக்கு வைத்தியம் நீங்கதான் பாக்கணும் மொதலாளி. கை ஆறி வர்ற வரைக்கும் அவ எடம் அவளுக்குத்தான்" என்றாள் பொற்கொடி.

"எந்தக் கற்பகம்?" அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அப்படி ஒரு ஆளே இங்க இல்ல. பவதாரணி வந்திருக்கு. ஒரு கொப்புளம் இல்லாம ஒம் பின்னாலதான் நிக்குது."

"பவதாரணிக்குப் போன மாசம் மீசைகூட இருந்துச்சே மொதலாளி" என்றார் லிங்கேஸ்வரன், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

"ராம்பிரசாத், வாய மூடு. பிடிக்கலைன்னா வில்லைய வச்சிட்டு எறங்கு. ஜீப்புக்கு ஜீப்பு ஆளு வருது."

பொற்கொடியின் கை மார்பிலிருந்த வில்லைக்குப் போனது. இதுவரை எல்லோரும் அப்படித்தான் போனார்கள், ஒருவர் ஒருவராக. அண்டாவில் தான் பிடித்திருக்க வேண்டிய அந்த இன்னொரு கைப்பிடி நினைவுக்கு வந்தது. கை நின்றது.

மேசையில் பித்தளை விழுந்த சத்தம் கேட்டது. முத்துப்பிரியா.

"வெந்து கெடக்கிறவ பேரக் குத்திக்கிட்டு என்னால நிக்க முடியாது. எம் பேரு முத்துப்பிரியா."

"அப்ப ஜீப்புல ஏறு."

"ஏற மாட்டேன். நிப்பேன்."

பொற்கொடி தன் வில்லையை அதன் பக்கத்தில் வைத்தாள். லிங்கேஸ்வரன் வைத்தார். அடுப்படியிலிருந்து வந்தவர்களும் கைகளைத் துடைத்துக்கொண்டு வைத்தார்கள். பத்தொன்பது வில்லைகள். ஒருவரும் வெளியே போகவில்லை.

எட்டாம் அறை மணி அடித்தது.

"ராம்பிரசாத்!"

யாரும் திரும்பவில்லை.

"சுசித்ரா!"

மேகம்தான் வாசலில் எட்டிப் பார்த்தது.

மணி மறுபடி அடித்தது. முதலாளி பொற்கொடியின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

"ஒம் பேரு என்ன?"

"எம் பேரு பெறகு. மொதல்ல கற்பகம்னு எழுதுங்க."

பேனா திறந்தபடி பதிவேட்டுக்கு மேலே நின்றது, எழுதவில்லை. வெளியே இறங்கப்போகும் ஜீப்பு நீளமாக ஆரன் அடித்தது. பத்தொன்பது பேரில் ஒருவர்கூட ஏறவில்லை.