குறுக்கிழை போடும் வரை

...இல்லை, நீலம்தான், சந்தேகமே வேண்டாம், அன்று காலை தம்பி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், முதுகு மட்டும் தெரிந்தது, நீலக் கம்பளிச் சட்டை, அலமாரியில் அதைத்தானே காணோம், பச்சை ஒன்று இருந்தது, அது முழங்கை கிழிந்து எப்போதோ பழந்துணியோடு போயிருக்கும், அப்படியானால் நீலம்தான்... ஊசி கோட்டின் இந்தப் பக்கம் மேலே வருகிறது, இழை சட்டையின் அகலம் முழுக்கப் படுக்கிறது, அந்தப் பக்கக் கோட்டில் இறங்குகிறது, இறங்கிய இடத்தை ஒட்டியே மறுபடி மேலே, மறுபடி இந்தப் பக்கம். அடியில் சுற்றிக்கொண்டு வரக் கூடாது. "நூல் பூரா மேல தெரியணும்க்கா, அடியில வெறும் புள்ளிதான் இருக்கணும்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் கம்பளி நூற்பதும் சாயம் ஏற்றுவதும் லேசான காரியமா, யாரும் பார்க்காத பக்கத்துக்கு நூலைக் கொடுப்பானேன் என்று இப்படித் தைத்தார்களாம், பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு போரையே, கப்பலும் குதிரையுமாக, இந்தத் தையலில் நிரப்பி வைத்திருக்கிறார்களாம். இழுக்காதே, இழுத்தால் துணி சுருங்கும், சலவை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் சட்டையை இஸ்திரி போடுகிறவளுக்குச் சுருக்கத்தைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கை இழுக்கிறது, ஏன் இழுக்கிறது...

டீச்சர் என்பது நாங்கள் வைத்த பேர், அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைச் செப்பனிடும் பெண், எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள், தப்பைச் சுட்டிக்காட்டும் முன் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொள்வாள், பாவம், துக்கம் நடந்த வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாங்கள் தைப்பது போர் இல்லை, படகு. போன மழையில் துறையிலிருந்து கிளம்பி அக்கரை போய்ச் சேராத படகு. துறையின் காத்திருப்புக் கூடத்தில் மாட்டப்போகும் நீளமான லினன் துணி, ஓவியர் ஒருவர் அதில் நீலப் பேனாவால் படகை வரைந்து, போனவர்களை வரிசையாக நிற்க வைத்திருக்கிறார், அவரவர் ஆளை அவரவர் வீட்டார் நிரப்ப வேண்டும். நகராட்சிக் கட்டடத்தின் மாடி அறையைக் கொடுத்திருக்கிறார்கள், மடக்கி அடுக்கிய நாற்காலிகள், ஈரக் குடைகளின் வாடை, ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் நிற்கும் முற்றம்தான், ஆறு தெரியாது, அதைப் பார்த்துத்தான் இந்த அறையைத் தேர்ந்தெடுத்திருப்பார்களோ... எதிரே ரொட்டிக்கடை அக்கா, அவள் புருஷன் துணியில் என் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறார். "என் வீட்டுக்காரரு இவ்வளவு ஒல்லியா இருந்ததே இல்லடி, கோட்டுக்கு வெளியில ரெண்டு இழை போட்டுக்கறேன், ஓவியர்கிட்டப் போட்டுக்கொடுத்துடாத" என்கிறாள். சிரித்தேன், அவளும் சிரித்தாள், பிறகு இருவரும் ஊசியைத் தேடுவது போல் குனிந்துகொண்டோம். முகத்தையும் கையையும் மட்டும் நிரப்பக் கூடாது, ஓரக்கோடு போட்டு விட்டுவிட வேண்டும், துணியே தோல். "மூஞ்சிக்குக்கூடவா நூல் இல்ல, கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா" என்று முதல் நாள் அக்கா கேட்டபோது டீச்சர் எச்சில் விழுங்கினாள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. வெறும் துணியில் என்ன முகத்தை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

மற்றவர்கள் எல்லோரும் உடலாகவாவது கிடைத்துவிட்டார்கள், தம்பி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் அம்மாவுக்கு அவன் இன்னும் வேலைக்குப் போனவன்தான். இரவில் கதவுக்குத் தாழ் போட விடமாட்டாள். மாதம் தவறாமல் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வாள், "விட்டா வேற எவனுக்காவது குடுத்துடுவாங்க." இந்தத் துணிக்கு ஏற்பாடு செய்த குழுவினர் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "என் பிள்ளைய அந்தத் துணியில ஏத்தினீங்கன்னா நான் துறைப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். ரொட்டிக்கடை அக்காவுக்குக் கை கொடுக்கத்தான் போகிறேன் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய்தான், வேறு என்ன செய்வது, அவளுக்குத் தாங்காது, அவள் நம்பிக்கொண்டிருக்கட்டும், இரண்டு பேரில் ஒருவருக்காவது தெரிந்தால் போதாதா... ஆனால் இன்று மாலை, துணியை இழுத்துக் கட்டியிருக்கும் சட்டத்தின் உருளையைச் சுற்றப்போகிறார்கள், இந்தப் பகுதி உள்ளே போய்விடும். நிரப்பிய ஆட்கள் இருப்பார்கள், நிரப்பாத கோட்டை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவார்கள், தண்ணீர் பட்டால் போய்விடுகிற பேனா. ஓவியர் அதைச் சொன்னபோது அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சட்டை நிரம்பிவிட்டது. ஓரத்திலிருந்து ஓரம் வரை நீலம், எதிலும் பிடிப்பு இல்லாமல் சும்மா படுத்திருக்கும் நீலம், விரலை விட்டால் விலகும். இனி இவற்றுக்குக் குறுக்கே, இடைவெளி விட்டு விட்டு ஓர் இழை, அந்தக் குறுக்கிழை அசையாமல் இருக்க அதன்மேல் குட்டிக் குட்டியாகக் கட்டுத் தையல். அதுவரை பயமில்லை, ஒரு முனையை இழுத்தால் அத்தனையும் உருவிக்கொண்டு வரும், ஊசித் துளைகளை நகத்தால் தேய்த்தால் மூடிக்கொள்ளும், யாரும் நிற்காத இடம் போலவே இருக்கும். கட்டிவிட்டால் கத்தரிக்கோல் வேண்டும். குறுக்கிழையைக் கோத்து வைத்துவிட்டு எவ்வளவு நேரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்... நான் யார் இவனைக் கட்டிப்போட, பெற்றவள் ஒருத்தி தாழ் போடாமல் இருக்கும்போது. கட்டாமல் விட்டால் பஞ்சு வரும். கட்டினால் அம்மா என்றைக்காவது இந்தத் துணியின் முன்னால் வந்து நிற்பாள்.

"கண்ணாடிய மறந்துட்டு வந்து என்னத்தத் தைக்கிற?"

அம்மா. வாசலில், மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு, கையில் என் கண்ணாடிக் கூடு. ரொட்டிக்கடை அக்கா சட்டென்று எழுந்து என் பக்கம் சாய்ந்து நின்றாள், மறைக்கப் பார்க்கிறாள், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டும் மறைக்க முடியவில்லை. அம்மா அவளைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். வெறும் முகத்தைப் பார்த்தாள். நான் எதற்கெல்லாமோ தயாரானேன், கத்துவாள், துணியைக் கிழிப்பாள், இல்லை ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவாள், அதுதான் இருப்பதிலேயே மோசம்...

"இது ஏன் நீலம்?"

"அன்னைக்கு அதானேம்மா போட்டிருந்தான்."

"பச்சை. முழங்கை கிழிஞ்சத நான்தான் தைச்சுக் குடுத்தேன். நீலம் அன்னைக்குக் கொடியில கெடந்துச்சு."

"அலமாரியில இல்லையேம்மா, நான் தேடிப் பாத்தேனே."

"எங்கிட்ட இருக்கு."

அவ்வளவுதான். எங்கிட்ட என்றால், எப்போதிருந்து... நூல் முனையைப் பிடித்து அவளே இழுத்தாள், நீலம் முழுவதும் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. "பச்சை இருக்காம்மா?" என்று டீச்சரைக் கேட்டாள். டீச்சர் இரண்டு பச்சைகளைக் காட்டினாள், அம்மா மங்கலானதை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, ஒரே குத்தில் ஊசியில் கோத்து, உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த மாதிரி, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, அடியில் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி இந்தப் பக்கம் ஏறி. டீச்சர் எச்சில் விழுங்கினாள், "அம்மா, அடியில..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டாள். அக்கா குனிந்து சட்டத்துக்கு அடியில் பார்த்தாள். "பின்னாலயும் அதே பச்சைதான்" என்றாள், யாருக்கு என்றில்லாமல். துணியைத் திருப்பினால் மற்றவர்கள் எல்லோரும் புள்ளிகளாக இருப்பார்கள், அவன் மட்டும் அங்கேயும் சட்டையோடு நிற்பான்.

நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவனுடைய சட்டை என்றால் அலமாரியில்தானே இருக்க வேண்டும், மடித்து, மற்றதோடு மற்றதாக. கொடியிலிருந்து எடுத்த அன்றைக்கே தன்னிடம் வைத்துக்கொண்டாளா... அப்படியானால் தாழ் போடாத கதவு யாருக்கு, ரீசார்ஜ் யாருக்கு, அவளுக்குத் தாங்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் யாருக்குத் தாங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்...

பச்சை கோட்டைத் தொட்டதும் அம்மா ஊசியை என் பக்கம் நீட்டினாள்.

"குறுக்கால நீ போடு. எனக்குக் கண்ணு தெரியல."

என் கண்ணாடி இன்னும் அவள் மடியில், கூட்டுக்குள் இருந்தது.