கூட யாரு வந்திருக்கா?

ஸ்டீபன்ராஜ் திண்டுக்கல்–பழனி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் ஒரு காலைப் படியிலும் மறு காலைக் காற்றிலும் வைத்துப் பல வருஷம் தொங்கியவர், உடம்பில் ஒரு சிராய்ப்பு கிடையாது. விழுந்தது சொந்தக் குளியலறையில், சும்மா நின்றுகொண்டிருந்தபோது. சோப்புக்கு அனுபவசாலி, புது ஆள் என்கிற பேதமெல்லாம் இல்லை.

வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு, பிரித்து, வேலைக்கும் திரும்பிவிட்டார். ஒருநாள் ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஒரு அம்மா ஒட்டன்சத்திரத்துக்கு டிக்கெட் கேட்டாள். கட்டைவிரலால் மிஷினை அமுக்கினார். அமுக்கிய விரல் எந்திரிக்கவில்லை. மிஷின் தன் கடமையில் தவறாமல், ஒரு கல்யாண கோஷ்டிக்குப் போதுமான டிக்கெட்டைத் துப்பியது.

"ஏப்பு, நான் ஒத்த ஆளுப்பு" என்றாள் அந்த அம்மா.

"நானுந்தான் ஆத்தா" என்றபடி இடது கையால் அந்த விரலைத் தூக்கி நிறுத்தினார். விட்டதும் அது மறுபடி படுத்துக்கொண்டது. வலி துளிகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பழனி ரோட்டில் இருந்த எலும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண், விரிசல் விட்ட எலும்பின் மேல் உரசி உரசி நைந்து அறுந்துவிட்டதாம், சில பேருக்கு இப்படி ஆகுமாம். கிளட்ச் கேபிள் போயிருச்சு என்று ஸ்டீபன்ராஜ் புரிந்துகொண்டார். ஆட்காட்டி விரலுக்கு இரண்டு கேபிள் உண்டு, அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் இணைத்தால் வேலை செய்யும் என்றார் டாக்டர். அதற்கும் சரி என்றார் இவர். கடைசியாக டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"கூட யாரு வருவா?"

நம்மூரில் ஒருத்தருக்குக் கால் நகம் பெயர்ந்தாலே ஒரு வேன் ஆள் இறங்கும். ஒருத்தர் ஃபைலைப் பிடிக்க, ஒருத்தர் பிளாஸ்க்கைப் பிடிக்க, ஒருத்தர் வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்ல. துணைக்கு ஒரு ஆளாவது இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்பது ஆஸ்பத்திரியின் விதி. அந்த ஒரு ஆளும் இல்லாமல் ஒருத்தர் வருவார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. தினமும் நானூறு பேரை ஏற்றி இறக்குகிறவர் தனியாள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

கேட்டால் வருவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். திருப்பூரில், மாதா பெயர் வைத்த தங்கச்சி பாத்திமா, பனியன் கம்பெனிக்கு லீவு போட வேண்டும். டிரைவர் ஈஸ்வர், அவர் வராவிட்டால் வண்டியே வராது. அடுத்தவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று ஸ்டீபன்ராஜ் ஒரு யோசனை செய்தார். ஈஸ்வரிடம், தங்கச்சி கூட இருக்கு என்றார். தங்கச்சியிடம், டிரைவர் கூட இருக்காரு என்றார். இருவருக்கும் நிம்மதி. இப்படியாக இரண்டு பேர் துணையோடு அவர் தன்னந்தனியாகப் போய் அட்மிட் ஆனார்.

பக்கத்துக் கட்டிலில் பக்ருதீன் என்ற பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன். அவரைச் சுற்றி மகள், மருமகன், சம்பந்தி, சம்பந்தியின் சம்பந்தி. ஸ்டூல் பற்றாமல் முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஸ்டீபன்ராஜின் ஸ்டூலில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது.

நர்ஸ் யுவராணி எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார். வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்பவர்களுக்கு, இந்தா கெளம்பிருச்சு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. ஆனால் யுவராணியும் பஸ்ஸில் வருகிறவள்தான்.

"அண்ணே, ஆளு வரலேன்னா உங்களத் தள்ளி வச்சிட்டு இவரக் கூட்டிட்டுப் போயிருவோம். டாக்டர் சாயந்தரம் மதுரைக்குப் போயிருவாரு."

தள்ளிப் போனால், மாற்றுக்குப் போட்டிருக்கும் ஆளையே முதலாளி நிரந்தரமாக்கிவிடுவார். பக்ருதீன் கூட்டத்தில் உபரியாக நின்ற மருமகனைச் செத்த நேரம் இரவல் கேட்கலாமா என்றுகூடப் பார்த்தார். வாய் வரவில்லை.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. எத்தனை வண்டிக்கு நடுவிலும் அவருக்குத் தெரிகிற ஹாரன்.

காக்கிச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக ஈஸ்வர் உள்ளே வந்தார். பதினோரு வருஷமாகக் கண்ணாடியில் மட்டுமே பார்த்துப் பேசிய முகம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. நேருக்கு நேர் என்றதும் இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

"ஏனுங்க, உங்க தங்கச்சி போன் பண்ணுனாங்க. கத்திரிக்கா உங்களுக்கு ஆகாதாமா, தொட்டுக்கற வெஞ்சனம் பாத்து வாங்கிக் குடுங்கன்னு சொல்றாங்க. நான் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு ஆருக்குங்க வாங்கிக் குடுக்கறது?"

ஸ்டீபன்ராஜ் படுத்துக் கிடந்த தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

யுவராணி ஃபைலோடு வந்தாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

ஈஸ்வர் யோசித்தார். "இவரு விசில் அடிச்சாத்தானுங்க நான் வண்டிய எடுப்பேன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அண்ணன் என்று எழுதிக்கொண்டாள். ஜெபமாலை போட்ட தம்பிக்கு விபூதி பூசிய அண்ணன் கையெழுத்துப் போட்டார். வெளியே பயணிகள் ஜன்னல் தகரத்தைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். வாரனுங்க என்று சொல்லிவிட்டு ஓடினார். மாற்று ஆளின் விசில் கேட்டது. சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி ஒரு விசில்.

கையை மட்டும் மரக்க வைத்துத்தான் ஆபரேஷன். தசைநாணை இணைத்ததும் டாக்டர், ஆட்காட்டி விரலால் எதையாவது காட்டுவதாக நினையுங்கள், கட்டைவிரல் எழும் என்றார். அந்த விரலால் ஸ்டீபன்ராஜ் வாழ்க்கையில் காட்டியது ஒன்றுதான். உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு என்று மனசுக்குள் சொன்னார். கட்டைவிரல் எழுந்தது. டாக்டர் "ம்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

எழுந்த நிலையிலேயே விரலை வைத்துக் கட்டுப் போட்டு வார்டில் விட்டார்கள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் எல்லாம் சூப்பர் என்று அது காட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியின் சம்பந்தி பதிலுக்குத் தன் கட்டைவிரலைக் காட்டினார். பக்ருதீனைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனதும் அவர்களும் சாப்பிடப் போய்விட, வார்டில் ஃபேன் சத்தம் மட்டும். மரப்பு விட்டு வலி தொடங்கியது. சொல்வதற்கு ஸ்டூலில் பைதான் இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் பழனியிலிருந்து திரும்பும் வண்டியின் ஹாரன் கேட்டது. ஸ்டீபன்ராஜ் அடுத்து வரவேண்டிய விசிலுக்காகக் காதைத் தீட்டினார். வரவில்லை. எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது.

அவர் இடது கையை நீட்டி, ஸ்டூலில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.