நிரபராதிகள் மிதப்பதில்லை

புனித பேதுரு, பவுல் திருநாளன்று எங்கள் ஊர்ப் படகுகளெல்லாம் கொடி கட்டிக்கொண்டு, வளைகுடாவைக் கடந்து புட்ஸ்க் நகரக் கோயிலுக்குப் போகும். என் அண்ணி பிரிகிதா மட்டும் பஸ்ஸில் போவாள். மிதக்கத் தெரியாதவர்கள் தன் படகில் ஏறக்கூடாது என்பது அண்ணன் புருனோனின் சட்டம். பெண்டாட்டிக்கும் விலக்கு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பஸ்தான். இந்த வருடம் படகில் போயே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதால், ஜூன் முழுக்க நான் மிதக்கக் கற்றுக்கொடுத்தேன்.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தண்ணீர் நம் உடம்பை எப்படித் தாங்குகிறது என்று ஈர மணலில் படம் போட்டே காட்டினேன். அண்ணி நன்றாகத் தலையாட்டுவாள். தண்ணீரில் மல்லாந்ததும், "அய்யோ, ஒத்திலியா!" என்று என் பேரைச் சொல்லி அலறுவாள். அலறி முடிக்கும்போது முழுகியிருப்பாள்.

திருநாளுக்கு முந்தைய நாள் இடியும் மழையும். கடற்கரையிலிருந்து ஓடிவந்து, சூனியக்காரி வழக்குகளைப் பற்றிய புது அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம்.

நடுக்கூடத்தில் தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கைகால் கட்டிய ரப்பர் பொம்மை. அதன் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, ஒரு பம்பில் முடிந்தது. இப்படி ஒன்றைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது.

"அந்தக் காலத்துல சூனியக்காரின்னு சந்தேகப்பட்டவளை இப்படித்தான் கட்டித் தண்ணியில இறக்குவாங்க அண்ணி. மிதந்தா சூனியக்காரி. முழுகினா நிரபராதி."

"முழுகினா செத்துல்ல போவா?"

"இடுப்புல கயிறு இருக்கும். சீக்கிரம் இழுத்தா பொழச்சா."

சுவரோரம், இப்படிச் சோதிக்கப்பட்ட ஒரு மீனவ விதவை உடுத்தியதைப் போன்ற கம்பளிப் பாவாடை தொங்கியது. மடிப்புக்குள் மடிப்பு. அத்தனையிலும் காற்று தங்கும், நனைந்து கனக்கும்வரை ஆளை மேலேயே வைத்திருக்கும் என்று விளக்கினேன்.

அண்ணி அதன் ஓரத்தைத் தடவினாள். "பாவம். பாவாடையே அவளுக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கு."

பிறகு பம்பை அழுத்தினாள். பொம்மையின் நெஞ்சு உப்பியது, மேலே வந்தது. விட்டாள். காற்று வெளியேறியது, பொம்மை அடிக்குப் போனது. மறுபடி அழுத்தினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அவள் நகரவில்லை.

"ஒத்திலியா, மூச்சை இழுத்து வச்சுக்கிட்டவ சூனியக்காரி. பயத்துல கத்தினவ நிரபராதி. அப்படித்தானே?"

"ஏறக்குறைய."

"அப்போ நான் ஒரு மாசமா நிரபராதியாவே இருக்கேன். இதை ஏன்டி நீ சொல்லல?"

மணலில் நான் போட்ட படங்களில் அம்புக்குறிகள் இருந்தன, எடை இருந்தது. மூச்சு இல்லை.

"வாயை மூடச் சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்களே அண்ணி," என்று சமாளித்தேன்.

சாயங்காலம் வானம் வெளுத்ததும் கடற்கரைக்குத் திரும்பினோம். அண்ணன் படகுத்துறையில் கொடி கட்டிக்கொண்டிருந்தான். "இன்னிக்கும் கச்சேரியா? நான் காதுல பஞ்சு வச்சுக்கவா?" என்று கத்தினான்.

அண்ணி இடுப்பளவுத் தண்ணீர்வரை நடந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். உதடுகளை இறுக்கி மல்லாந்தாள். முகம் மேலே நின்றது, வயிறும் நின்றது. அவள் முதுகைத் தாங்கியிருந்த கையை நான் எடுத்தேன். அப்படியே கிடந்தாள். மூக்கால் சட்டென்று மூச்சை மாற்றினாள். கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி எழுந்தாள்.

கரையில்தான் கலவரம். அலறல் கேட்காததில் அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. "பிரிகிதா! என்னாச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?" கொடியைப் போட்டுவிட்டு, பூட்ஸோடு தண்ணீருக்குள் ஓடிவந்தான்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் படகைக் காட்டினாள்.

அண்ணன் பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு நின்று அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரியான சூனியக்காரிதான்," என்றான். "விடிஞ்சதும் கிளம்பிடுவோம். லேட்டா வந்தா நிக்கமாட்டேன்."

"முதல் ஆளா வந்துடுவேன்!" என்று அண்ணி கத்தினாள்.

கத்தியதும் முழுகினாள். அண்ணன்தான் தூக்கிவிட்டான். இருமிக்கொண்டே சிரித்தாள்.