காலியாக விட்ட கடைசி அறை

மாடியில் வாடகைக்கு இருந்த தையல்காரிக்கு, கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஒரே ஒரு வாய்ப்புத்தான் கொடுத்திருந்தார்.

"இன்னொரு தடவை என் கட்டில்ல சொட்டு விழுந்துச்சுன்னா, தொட்டியை வித்துடும்மா."

கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை மனுஷர். அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மாடிக் கூடத்தில் இவளுடைய கடல்நீர்த் தொட்டி, நேர் கீழே அவருடைய படுக்கை. கரண்ட் போனபோதெல்லாம் உப்புத்தண்ணீர் வழிந்து, தளத்தில் இறங்கி, அவர் தலையணையை நனைத்திருந்தது.

அவள் புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மிஷினை மிதித்தபடியே அவள் வாடிக்கைக்காரிகளைப் பற்றிப் புறணி பேசுவதெல்லாம் தொட்டிக்குள் இருந்த இரண்டு ஆரஞ்சு மீன்களிடம்தான். கேட்டதை வெளியே விடாத ஜோடி, வேறு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்! அதை விற்கச் சொன்னால் பாவம், அவள் யாரிடம் பேசுவாள்?

அதனால் நாத்தனாரைக் கூப்பிட்டாள். புருஷனுக்கு மூத்தவள், படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். கண்ணாடி வெட்டுவதில் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மீன் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி இருந்தது. சம்ப் என்பார்கள். மேலிருந்து குழாயில் இறங்கும் அழுக்குத் தண்ணீர் அதற்குள் அறை அறையாகக் கடந்து போகும். முதல் அறையில் துணிப்பை வடிகட்டும். அதை அவளே தைத்திருந்தாள். அடுத்ததில் ஒரு கருவி அழுக்கை நுரையாக்கித் தள்ளும். அதற்கடுத்து விளக்குப் போட்ட பாசி அறை; மிச்ச அழுக்கைப் பாசி தின்றுவிடும். கடைசி அறையில் மோட்டார், சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடும். கரண்ட் போனால் நிரம்பி வழிந்தது இந்தக் கீழ்த் தொட்டிதான்; அதன் கண்ணாடித் தடுப்புகளைப் புதிதாக வெட்டி ஒட்டத்தான் நாத்தனார் வந்திருந்தாள்.

"தடுப்பையெல்லாம் விளிம்புவரைக்கும் வெட்டுங்க அண்ணி. பாசி அறை பெருசா இருக்கட்டும். மோட்டாருக்கு ஒரு மூலை போதும்."

"மோட்டார் நின்னா, மேல இருக்கிற தண்ணி இறங்கி வருமே, அதுக்கு எங்கடி இடம்? வீட்டுக்காரர் மடியிலயா?"

"அதுக்குன்னு பாதித் தொட்டியைக் காலியா வைக்கணுமா? பாக்கவே கஞ்சத்தனமா இருக்கும்."

"ஸ்கூல் சட்டை தைக்கும்போது உள்ள நாலு விரல் துணி மடிச்சு விடறியே, அது கஞ்சத்தனமா?"

வளரும் பிள்ளைக்கு இடம் விடத் தெரிந்தவளுக்கு, இறங்கும் தண்ணீருக்கு இடம் விடத் தோன்றவில்லையே!

தடுப்புகள் குட்டையாயின. மோட்டார் அறை அகலமானது, பாசி அறை சுருங்கியது. பசை காய்ந்து, அதன் புளிச்ச வாடை அடங்கிய பிறகு தண்ணீர் விட்டார்கள். மோட்டார் ஓடும்போது கீழ்த் தொட்டியில் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது.

சோதனைக்கு வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். கட்டிலில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: "அணைம்மா! நான் தயார்!"

"பாத்துங்க ஐயா, மீன் விழுந்தா பிடிச்சுக்குங்க!" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, சும்மா இருங்க!" என்று சுவிட்சை அணைத்தாள் தையல்காரி.

மோட்டார் அடங்கியது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் ஏறியது. தடுப்புகள் மூழ்கின. விளிம்புக்கு நாலு விரல் இருந்தது, இரண்டு விரல் ஆனது, இன்னும் ஏறியது.

"போடு! போடுடி!"

போட்டாள்.

"தடுப்பை இன்னும் குறைக்கணும். எல்லாத்தையும் பிரிக்கணும்" என்றாள் நாத்தனார். குரலில் கிண்டல் இல்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றது கீழேயிருந்து.

"ஒரு நிமிஷம் ஐயா!"

தையல்காரி பிரிக்கப் போகவில்லை. "அண்ணி, சுவிட்சுகிட்ட நில்லுங்க. நான் சொல்றப்ப அணைங்க, சொன்னதும் போட்டுடுங்க" என்றவள், கீழ்த் தொட்டியை விட்டுவிட்டு மேல் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். அணைத்ததும், மிதந்துகொண்டிருந்த ஒரு தீனித் துணுக்கு அசைந்தது. தண்ணீரைத் துப்ப வேண்டிய குழாய் வாயை நோக்கி விறுவிறுவென்று போய் அதற்குள் நுழைந்துவிட்டது.

"போடுங்க! அண்ணி, அந்தக் குழாய் உறிஞ்சுது! துப்பற குழாயே உறிஞ்சுது!"

தண்ணீர் விழும் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று, அவளேதான் அந்தக் குழாயின் வாயை ஆழத்தில் இறக்கி வைத்திருந்தாள். மோட்டார் நின்றதும் அது தலைகீழாக வேலை செய்து, அந்த ஆழம்வரை தொட்டியையே வடித்துக்கொண்டிருந்தது.

சட்டையின் கையை மடக்கிக்கொண்டு தோள்வரை தண்ணீருக்குள் விட்டாள். மீன்கள் இரண்டும் வந்து அவள் விரலைக் கொத்திப் பார்த்தன. குழாயை மேலே திருப்பி, அதன் வாய் தண்ணீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்கும்படி வைத்தாள்.

"அணைங்க."

தண்ணீர் ஏறியது. நாத்தனார் விளிம்பில் விரலை வைத்து அளந்துகொண்டே இருந்தாள். திடீரென்று மேலே குழாய் காற்றைக் குடித்து, உறிஞ்சிக் குடிப்பவர் டம்ளரின் அடியைத் தொட்டதுபோல் 'சொர்ர்ர்' என்றது. அவ்வளவுதான். கடைசி அறையில் தண்ணீர் நின்றது. விளிம்புக்குக் கீழே இன்னும் நாத்தனாரின் உள்ளங்கை அகலம் காலியாக இருந்தது.

கீழே வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அணைச்சீங்களா இல்லையா? ஒண்ணுமே விழலையே!"

"அணைச்சு எவ்வளவோ நேரமாச்சு ஐயா!" என்றாள் தையல்காரி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்த வீட்டுக்காரர், முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை கண்ணாலேயே நடந்து போனார்.

"இவ்வளவு தண்ணியா என் தலைக்கு மேல நின்னுச்சு?"

"இப்ப அதுக்குன்னு தனியா இடம் இருக்கு ஐயா."

"ம்." தாடையைத் தடவினார். "போட்டுட்டு இன்னொரு தடவை அணைம்மா. அந்த 'சொர்ர்' எங்கிருந்து வருதுன்னு நானும் பாக்கறேன்."